பி.ஆர். மனு காத்திருக்கும்போது பாஸ் விதி மாறினால் என்ன ஆகும்? சிங்கப்பூரில் வேலை செய்யும் மலேசியர்களுக்கு ஒரு விளக்கம்

"மனு போட்டாச்சு, பதில்தான் இன்னும் வரல." சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனைப் பற்றியோ மகளைப் பற்றியோ விசாரித்தால், ஜொகூரிலும் நெகிரி செம்பிலானிலும் பேராக்கிலும் நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் பதில் இது. மனு என்று அவர்கள் சொல்வது சிங்கப்பூர் நிரந்தரவாசத் தகுதிக்கான விண்ணப்பத்தை. பேச்சுவழக்கில் பி.ஆர்.

அந்த விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று, பதில் வரும்வரை அங்கே இருப்பதற்குத் தடை ஏதும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. காத்திருக்கும் மாதங்களில் ஒருவரைச் சிங்கப்பூரில் இருக்க விடுவது அவர் கையில் உள்ள வேலை பாஸ் மட்டுமே. அந்த பாஸுக்கான விதிகள் 2020 முதல் பலமுறை இறுக்கப்பட்டுள்ளன. பி.ஆர். பதிலுக்காக ஒரு கண்ணை வைத்திருப்பவர்கள், மற்றொரு கண்ணை பாஸ் காலாவதியாகும் தேதியின் மேல் வைத்தாக வேண்டும்.

இரண்டு அலுவலகங்கள், இரண்டு கணக்குகள்

முதலில் யார் எதை முடிவு செய்கிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

வேலை பாஸைத் தருவதும் புதுப்பிப்பதும் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு. பட்டதாரிகள், நிர்வாகிகள், நிபுணர்கள் ஆகியோருக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ், பேச்சில் இ.பி. தொழில்நுட்பர்கள் போன்ற நடுத்தரத் திறனாளர்களுக்கு எஸ் பாஸ். அதற்குக் கீழ்நிலை வேலைகளுக்கு வொர்க் பெர்மிட்.

பி.ஆர். விண்ணப்பத்தைப் பரிசீலிப்பது குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம். வேலை அடிப்படையில் விண்ணப்பிப்பவர் இ.பி. அல்லது எஸ் பாஸ் வைத்திருக்க வேண்டும். வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் இந்த வழியில் விண்ணப்பிக்க முடியாது. கட்டணம் 100 சிங்கப்பூர் வெள்ளி. முடிவு எதுவானாலும் அந்தப் பணம் திரும்பக் கிடைக்காது. ஆவணங்கள் சரியாக இருந்தால் பொதுவாக ஆறு மாதம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம்.

இந்த இரண்டும் தனித்தனிக் கணக்குகள். பி.ஆர். மனு நிலுவையில் இருக்கிறது என்பதற்காக மனிதவள அமைச்சு பாஸை நீட்டித்துத் தராது. ஆஸ்திரேலியாவில் விசாவுக்கு விண்ணப்பித்தவர்கள் முடிவு வரும்வரை நாட்டில் தங்க இணைப்பு விசா என்ற ஏற்பாடு உண்டு. சிங்கப்பூர் பி.ஆர். மனுவுக்கு அப்படி ஓர் இடைக்கால அனுமதி கிடையாது. பாஸ் முடிந்தால், மனு எந்த நிலையில் இருந்தாலும், வேலை செய்யும் உரிமை அன்றோடு முடிகிறது.

சம்பள வரம்பு ஏறிய கதை

2020ஆம் ஆண்டு தொடங்கியபோது இ.பி. பெறக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,600 வெள்ளி. (இங்கே வெள்ளி என்று சொல்வதெல்லாம் சிங்கப்பூர் வெள்ளி.) அதே ஆண்டு மே மாதம் அது 3,900 ஆனது, செப்டம்பரில் 4,500. 2022 செப்டம்பரில் 5,000. 2025 ஜனவரி 1 முதல் புதிய விண்ணப்பங்களுக்கு 5,600. வங்கி, காப்புறுதி போன்ற நிதித் துறையில் இன்னும் அதிகம்: 6,200.

எஸ் பாஸும் இப்படித்தான். 2020 தொடக்கத்தில் 2,400 வெள்ளியாக இருந்த வரம்பு, 2022 செப்டம்பரில் 3,000 ஆனது. 2023 செப்டம்பரில் 3,150. 2025 செப்டம்பர் 1 முதல் 3,300. நிதித் துறையில் 3,800.

ஏற்கெனவே பாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஓராண்டு அவகாசம் தரப்படுகிறது. இ.பி.யின் 5,600 வெள்ளி வரம்பு, 2026 ஜனவரி 1 முதல் காலாவதியாகும் பாஸ்களைப் புதுப்பிக்கும்போது பொருந்தும். எஸ் பாஸின் 3,300 வெள்ளி வரம்பு, 2026 செப்டம்பர் 1 முதல் காலாவதியாகும் பாஸ்களுக்குப் பொருந்தும்.

ஆக, ஒருவரின் பாஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்பதே அவருக்கு எந்த விதி என்பதை முடிவு செய்கிறது. பி.ஆர். மனுவை எந்தத் தேதியில் அனுப்பினார் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. 2024இல் மனு போட்டவர், பழைய விதி இருந்தபோதே போட்டுவிட்டேனே என்று வாதாட இடமில்லை.

காத்திருந்தால் வயதும் கூடும்

பலர் கவனிக்காமல் விடும் இடம் இது. மேலே சொன்ன 5,600, 3,300 எல்லாம் இளவயதினருக்கான தொகை. 23 வயதுக்கு மேல் ஒவ்வொரு வயதுக்கும் வரம்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. 45 வயதையும் அதற்கு மேற்பட்ட வயதையும் எட்டியவருக்கு இ.பி. வரம்பு 10,700 வெள்ளி; எஸ் பாஸ் வரம்பு 4,800 வெள்ளி. இதை வயதுவாரியாகச் சீராகப் பிரித்துப் பார்த்தால், இ.பி.க்கு ஒரு வயது கூடினால் ஏறக்குறைய 230 வெள்ளியும் எஸ் பாஸுக்கு ஏறக்குறைய 70 வெள்ளியும் ஏறும்.

கூலாயிலிருந்து போன ஒரு தொழில்நுட்பரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். 2024 அக்டோபரில், 33 வயதில், எஸ் பாஸைப் புதுப்பிக்கிறார். அப்போதைய கணக்கில் அவர் வயதுக்குத் தேவைப்பட்டது ஏறக்குறைய 3,830 வெள்ளி. அவர் சம்பளம் 3,900, தப்பித்துவிட்டார். அடுத்த ஆண்டு பி.ஆர். மனு போடுகிறார். பதில் வரவில்லை. 2026 அக்டோபரில் பாஸ் முடியும்போது அவருக்கு 35 வயது. புதிய கணக்கில் அந்த வயதுக்குத் தேவை ஏறக்குறைய 4,120 வெள்ளி.

இரண்டு ஆண்டில் கிட்டத்தட்ட 290 வெள்ளி ஏறியிருக்கிறது. அதில் பாதி விதி மாறியதால் வந்தது. மீதிப் பாதி அவருக்கு இரண்டு வயது கூடியதால் வந்தது. அரசாங்கம் இடையில் ஒரு விதியையும் மாற்றாமல் இருந்திருந்தால்கூட, 3,900 சம்பளத்தில் அவரால் மறுபடியும் பாஸ் வாங்கியிருக்க முடியாது.

இன்னொன்று. கணக்கில் வருவது நிலையான மாதச் சம்பளம். ஓவர்டைம் சேராது, மாதத்துக்கு மாதம் மாறும் அலவன்ஸும் சேராது. ஷிப்ட், ஓவர்டைம் எல்லாம் சேர்த்து மாதம் 4,500 வெள்ளி கையில் வாங்குகிறேன் என்பவரின் அடிப்படைச் சம்பளம் 3,600 வெள்ளியாக இருந்தால், அமைச்சின் கண்ணுக்குத் தெரிவது அந்த 3,600தான்.

கம்பாஸ்: 40 மதிப்பெண் வேண்டும்

இ.பி. வைத்திருப்பவர்களுக்குச் சம்பள வரம்பைத் தாண்டினால் மட்டும் போதாது. 2023 செப்டம்பர் 1 முதல் புதிய விண்ணப்பங்களுக்குக் கம்பாஸ் என்ற மதிப்பெண் முறை வந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் காலாவதியாகும் பாஸ்களைப் புதுப்பிக்கவும் அதே முறைதான். இதில் குறைந்தது 40 மதிப்பெண் எடுக்க வேண்டும். மாதம் 22,500 வெள்ளியோ அதற்கு மேலோ நிலையான சம்பளம் வாங்குபவர் உள்ளிட்ட சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு.

அடிப்படைக் கூறுகள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் 20, 10, 0 என்று மதிப்பெண்.

முதலாவது, அந்தத் துறையில் உள்ளூர் நிபுணர்கள் வாங்கும் சம்பளத்தோடு ஒப்பிட்டால் இவர் சம்பளம் எங்கே நிற்கிறது என்பது. இரண்டாவது, கல்வித் தகுதி. பட்டத்துக்கு 10, அமைச்சின் பட்டியலில் உள்ள முன்னணிக் கல்வி நிலையத்தின் பட்டம் என்றால் 20. பட்டம் இல்லையென்றால் 0. மூன்றாவது, நிறுவனத்தின் நிபுணர்கள், நிர்வாகிகள் மத்தியில் இவருடைய நாட்டவர் எத்தனை விழுக்காடு என்பது. நான்காவது, அதே துறையின் மற்ற நிறுவனங்களோடு ஒப்பிடும்போது இந்த நிறுவனம் உள்ளூர்க்காரர்களை எவ்வளவு வேலைக்கு வைத்திருக்கிறது என்பது.

இவை தவிர போனஸ் மதிப்பெண்ணும் உண்டு. ஆள் பற்றாக்குறை உள்ள வேலைகளின் பட்டியலில் அவர் வேலை இருந்தால் 20 வரை கிடைக்கலாம். பதிவுபெற்ற தாதியரும் இணையப் பாதுகாப்பு நிபுணர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். சிங்கப்பூரின் முக்கியப் பொருளியல் திட்டங்களில் பங்குபெறும் நிறுவனத்துக்கு 10.

நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது மூன்றாவது கூறு. நிறுவனத்தின் நிபுணர்களில் ஒரே நாட்டவர் 25 விழுக்காட்டை எட்டிவிட்டால், அந்த நாட்டவருக்கு அந்தக் கூறில் பூஜ்யம். மலேசியர்கள் நிறைய இருக்கும் கம்பெனி, பேச்சுத் துணைக்கு ஆள் உண்டு என்று சேர்ந்தவருக்கு, பாஸைப் புதுப்பிக்கும் நேரத்தில் அதுவே குறையாகலாம். சம்பளத்துக்கு 10, பட்டத்துக்கு 10, உள்ளூர் வேலைவாய்ப்புக்கு 10 எடுத்தும், நாட்டவர் விழுக்காட்டில் பூஜ்யம் வந்தால் மொத்தம் 30. தேறாது. அவர் வேலையில் எந்தக் குறையும் இல்லை. பக்கத்து மேசைகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவர் தலையெழுத்தை மாற்றுகிறது. நிபுணர்கள் 25 பேருக்கும் குறைவாக உள்ள சிறிய நிறுவனங்களுக்கு மட்டும் மூன்றாவது, நான்காவது கூறுகளில் தலா 10 மதிப்பெண் தானாகவே கிடைக்கும்.

இ.பி. இல்லையென்றால் எஸ் பாஸ் போதுமா?

இ.பி.யில் தேறாதவரை எஸ் பாஸுக்கு மாற்றிவிடலாம் என்று சில முதலாளிகள் சொல்வார்கள். எஸ் பாஸுக்குக் கம்பாஸ் கிடையாது, சம்பள வரம்பும் குறைவு. அந்த பாஸிலிருந்தும் பி.ஆர். கேட்கலாம். ஆனால் எஸ் பாஸுக்கு ஒதுக்கீடும் லெவியும் உண்டு. சேவைத் துறையில் மொத்த ஊழியர்களில் 10 விழுக்காட்டினரும், உற்பத்தி, கட்டுமானத் துறைகளில் 15 விழுக்காட்டினரும் மட்டுமே எஸ் பாஸில் இருக்கலாம். 20 பேர் வேலை செய்யும் சேவை நிறுவனத்தில் அது இரண்டு இடம். அந்த இரண்டும் நிரம்பியிருந்தால் முதலாளிக்கு மனம் இருந்தும் வழி இருக்காது.

லெவி 2025 செப்டம்பர் முதல் ஒருவருக்கு மாதம் 650 வெள்ளி. ஆண்டுக்கு 7,800. இதை முதலாளி கட்ட வேண்டும். ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பி.ஆர். கிடைத்தவருக்கு இந்த லெவியும் இல்லை, ஒதுக்கீட்டில் அவர் இடம் பிடிப்பதும் இல்லை. பி.ஆர். பதில் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் முதலாளிக்கும் செலவுதான் என்பது இதிலிருந்து புரியும்.

பி.ஆர். பக்கத்தில் எழுதப்படாத மாற்றம்

வேலை பாஸ் விதிகளாவது தேதியோடும் தொகையோடும் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. பி.ஆர். தகுதிக்கு அப்படி மதிப்பெண் பட்டியல் ஏதும் வெளியிடப்படுவதில்லை. குடும்பப் பிணைப்பு, பொருளாதாரப் பங்களிப்பு, கல்வித் தகுதி, வயது, குடும்ப விவரம், சிங்கப்பூரில் வாழ்ந்த காலம், இங்கே ஒன்றிணைந்து வேரூன்றும் எண்ணம் ஆகியவை கருத்தில் கொள்ளப்படும் என்று மட்டுமே அரசாங்கம் சொல்கிறது. எதற்கு எவ்வளவு எடை என்பது வெளியே தெரியாது. நிராகரித்தால் காரணமும் சொல்லப்படுவதில்லை.

எடை மாறினால் என்ன நடக்கும் என்பதற்குப் பழைய எண்ணிக்கையே சாட்சி. 2008இல் புதிதாக பி.ஆர். பெற்றவர்கள் 79,167 பேர். 2009இல் 59,460 பேர். 2010இல் 29,265 பேர். அந்தச் சமயத்தில் அரசாங்கம் குடியேற்றத்தை இறுக்கியது. இரண்டே ஆண்டில் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. 2008இல் அண்ணனுக்குக் கிடைத்தது, அதே படிப்பும் அதே சம்பளமும் இருந்த தம்பிக்கு 2010இல் கிடைக்காமல் போயிருக்கலாம். அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 35,000 பேருக்கு பி.ஆர். வழங்கப்படுகிறது. எல்லா நாட்டவரும், வாழ்க்கைத் துணை மூலமாக விண்ணப்பித்தவர்களும் இதில் அடக்கம்.

ஆகவே "அவருக்கு ஆறு மாதத்தில் கிடைத்தது, எனக்கு ஏன் இல்லை" என்று ஒப்பிட்டு மனம் நொந்துபோவதில் பயனில்லை. அவர் விண்ணப்பித்த ஆண்டு வேறு, அந்த ஆண்டின் அளவுகோல் வேறு.

பாஸ் புதுப்பிக்கப்படாவிட்டால்

பாஸ் ரத்தானதும் வழக்கமாக 30 நாள் குறுகியகால வருகை அனுமதி தரப்படும். அதில் தங்கலாம், வேலை செய்ய முடியாது. அந்த நாட்களுக்குள் வேறு முதலாளி கிடைத்து, அவர் புதிய பாஸுக்கு விண்ணப்பித்து ஒப்புதலும் வந்தால் தொடரலாம். இல்லையென்றால் வீடு திரும்ப வேண்டும். வேலையும் பாஸும் போய்விட்ட பிறகு, அவற்றின் அடிப்படையில் போட்ட பி.ஆர். மனுவுக்கு ஆதாரமே இல்லாமல் போகிறது.

புதிய முதலாளியின் விண்ணப்பம் புதுப்பிப்பாகக் கருதப்படாது. அது புதிய விண்ணப்பம். ஓராண்டு அவகாசம் எல்லாம் அதற்குக் கிடையாது, விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதியே பொருந்தும். வேலை மாற நினைப்பவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

குடும்பத்தை அழைத்துச் சென்றவர்களுக்குச் சுமை இன்னும் அதிகம். மனைவி, பிள்ளைகள் சார்ந்தோர் பாஸில் இருந்தால், அது குடும்பத் தலைவரின் வேலை பாஸோடு கட்டப்பட்டது. அது முடிந்தால் இதுவும் முடியும். பள்ளியில் படிக்கும் பிள்ளை ஆண்டு நடுவில் திரும்ப வேண்டிவரும். சார்ந்தோர் பாஸில் இருக்கும் துணைவர் வேலை செய்ய விரும்பினால், 2021 மே 1 முதல் பொதுவாகத் தனியாக ஒரு வேலை பாஸ் எடுக்க வேண்டும். ஒருவர் சம்பளத்தில் ஓடும் வீட்டில், பாஸ் பற்றிய செய்தி கடைசி நாளில் வந்தால் வாடகை, கார் கடன், ஊரில் பெற்றோருக்கு அனுப்பும் பணம் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும்.

காத்திருப்பவர்கள் செய்யக்கூடியவை

1. பாஸ் முடியும் தேதியை இன்றே பாருங்கள். அந்தத் தேதியில் உங்களுக்கு எத்தனை வயது, எந்த வரம்பு பொருந்தும் என்று கணக்கிடுங்கள். மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் உள்ள சுயமதிப்பீட்டுக் கருவி இலவசம். இந்தக் கட்டுரையில் உள்ள வயதுக் கணக்கு தோராயமானது. துல்லியமான தொகைக்கு அந்தக் கருவியையே நம்புங்கள்.

2. வரம்புக்கும் சம்பளத்துக்கும் இடைவெளி இருந்தால், காலாவதிக்கு ஓராண்டு முன்பே முதலாளியிடம் பேசுங்கள். ஓவர்டைமாகப் போகும் தொகையில் கொஞ்சத்தை அடிப்படைச் சம்பளமாக மாற்ற முடியுமா என்று கேட்பது தவறில்லை. ஆனால் தாளில் மட்டும் சம்பளத்தை ஏற்றிக் காட்டி, கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வது குற்றம். அதற்கு உடன்படாதீர்கள்.

3. இ.பி. வைத்திருப்பவர்கள் கம்பெனியின் கம்பாஸ் நிலையை மனிதவளப் பிரிவிடம் கேளுங்கள். மூன்றாவது, நான்காவது கூறுகளில் நிறுவனத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதை முதலாளி இணையத்தில் பார்க்க முடியும். பட்டச் சான்றிதழின் சரிபார்ப்பு அறிக்கை தேவைப்பட்டால் முன்கூட்டியே எடுத்துவையுங்கள். அதற்கும் நாள் பிடிக்கும்.

4. மனு போட்ட பிறகு வேலை, சம்பளம், முகவரி, திருமணம், குழந்தை என்று எது மாறினாலும் குடிநுழைவு ஆணையத்துக்குத் தெரிவியுங்கள். முதலாளியின் உறுதிப் படிவம் பழைய கம்பெனியுடையதாகவே இருந்தால் மனு பலவீனப்படும்.

5. பி.ஆர். நிச்சயம் வாங்கித் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் ஏஜெண்டுகளை நம்ப வேண்டாம். விண்ணப்பத்தை சிங்பாஸ் மூலம் நீங்களே அனுப்பலாம். ஏஜெண்டு வழியாகப் போன மனுவுக்குத் தனிச் சலுகை ஏதும் கிடையாது. அவர் பொய்யான விவரம் எழுதினாலும் கையொப்பம் உங்களுடையது. குடிநுழைவுச் சட்டப்படி பொய்த் தகவலுக்கு 12 மாதம் வரை சிறை, 4,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

6. ஊரில் உள்ள பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைக்கு பி.ஆர். வந்துவிடும் என்ற நம்பிக்கையில் பெரிய கடன் எடுப்பதையோ, இங்குள்ள வீட்டை விற்பதையோ பதில் கைக்கு வரும்வரை தள்ளிப்போடுங்கள். பாஸ் கிடைக்காமல் திரும்பி வரும் பிள்ளையிடம் "உன்னால் முடியவில்லையா" என்று கேட்பதற்கு முன், மேலே உள்ள கணக்கை ஒருமுறை பாருங்கள். அதில் பாதி அவர் கையில் இல்லை.

சிங்கப்பூர் தன் வேலை பாஸ் வரம்புகளை அவ்வப்போது மறுஆய்வு செய்துகொண்டே இருக்கிறது. பெரிய மாற்றங்கள் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், வரவுசெலவுத் திட்டத்தின்போதும் அதையொட்டிய நாடாளுமன்ற விவாதத்தின்போதும் அறிவிக்கப்படுகின்றன. பாஸ் வைத்திருப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் அந்த அறிவிப்புகளைப் படித்து, தங்கள் வயதுக்கும் காலாவதித் தேதிக்கும் என்ன மாறியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.